முதலில் பாஸ்போர்ட், பிறகு பத்திரிகை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஈஸ்டர் கழிந்த வாரத்திலிருந்து மே மாதக் கடைசி வரை நீலகிரியில் ஆயர் வீட்டுக் கதவை இரண்டு வகை ஆட்கள் தட்டுவார்கள். ஓலை, அதாவது ஆலயத்தில் திருமண அறிவிப்பு, வாசிக்கச் சொல்லி வருகிறவர்கள் ஒரு வகை. வெளிநாட்டு ஊழியப் பயணத்துக்குச் சபைக் கடிதம் கேட்டு வருகிறவர்கள் இன்னொரு வகை. பல நேரம் இரண்டுக்கும் ஒரே ஆளே வந்து நிற்பார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களில் பெரும்பாலான சபைகளில் திருமணம் வைப்பதில்லை. அதனால் தை மாதத்தில் முடியாத கல்யாணம் எல்லாம் ஏப்ரல், மேக்குத் தள்ளிப் போகிறது. பள்ளி விடுமுறையும் அப்போதுதான் என்பதால் விபிஎஸ் எனும் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தவும் மருத்துவ முகாமுக்கு உதவவும் கிளம்பும் குழுக்களும் அதே வாரங்களையே பார்க்கின்றன. குழுவில் இருப்பவர்களோ பெரும்பாலும் கல்யாண வயதுப் பிள்ளைகள்.

கல்யாணத்தையும் பயணத்தையும் ஆறு மாதத்துக்குள் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மண்டபம் கிடைத்த தேதியை வைத்துக் கல்யாண நாளைக் குறிக்காதீர்கள். பத்திரிகை அச்சுக்குப் போகும் முன் பையன், பெண் இருவரின் பாஸ்போர்ட்டையும் மேசையில் வைத்துக் கணக்குப் போடுங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

பெயரில்தான் முதல் இடறல். நம் ஊரில் இனிஷியலோடு வாழ்ந்து பழகிவிட்டோம். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத முடியும். விரிக்காமல் விட்டவர்களுக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். அப்படி ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து சுற்றுலா, வருகை விசாக்களில் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விடும், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை) என்று மூன்றெழுத்து வந்து உட்காரும். இதோடு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் வேறொன்று என்று இருப்பவர்களும் நம்மில் நிறைய. ஓலை வாசிக்கக் கொடுக்கும் விண்ணப்பத்தில் வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதிக் கொடுத்தால் அதுவே சபைப் பதிவேட்டில் ஏறும், அங்கிருந்து திருமணச் சான்றிதழுக்கும் போகும். பிறகு பாஸ்போர்ட்டும் சான்றிதழும் இரண்டு வேறு பெண்களைப் பற்றிப் பேசும். ஆகவே ஓலைக்குக் கொடுக்கும் பெயர் எழுத்துக்கு எழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளதாகவே இருக்கட்டும். காலிக் கட்டத்தை நிரப்ப வேண்டியிருந்தால் பாஸ்போர்ட் மறுவெளியீட்டைக் கல்யாணத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே முடித்துவிடுவது நல்லது.

கல்யாணம் ஆன கையோடு பெண்ணின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்படுத்துவது வழக்கம். சட்டம் அப்படி எதையும் கட்டாயப்படுத்தவில்லை. பழைய பெயரில் விசாவும் டிக்கெட்டும் எடுத்த பின் பாஸ்போர்ட்டை மாற்றினால் மூன்றும் மூன்று திசையில் நிற்கும், விமான நிலையக் கவுன்டரில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பயணம் முடிந்து திரும்பிய பிறகு மாற்றிக்கொள்ளலாம். அதுவரை திருமணச் சான்றிதழின் நகல் ஒன்று கைப்பையில் இருந்தால் போதும்.

அடுத்தது போலீஸ் விசாரணை. புதிய பாஸ்போர்ட்டானாலும், பிள்ளைகளோடு வேலை செய்யும் குழுக்களிடம் வெளிநாட்டுச் சபைகள் கேட்கும் போலீஸ் சான்றிதழானாலும், விண்ணப்பத்தில் எழுதிய முகவரியில் ஆள் குடியிருக்கிறாரா என்றுதான் பார்ப்பார்கள். பெண் கோத்தகிரியில் விண்ணப்பம் கொடுத்திருப்பாள், கல்யாணமாகிக் கூடலூருக்குப் போயிருப்பாள். கோத்தகிரி வீட்டுக் கதவைத் தட்டும் காவலர் 'இங்கே குடியிருக்கவில்லை' என்று எழுதிவிட்டுப் போனால் அதை நேராக்க வாரக்கணக்கில் அலைய வேண்டும். யார் மேலும் தப்பில்லை, வரிசைதான் தப்பு. விசாரணை தேவைப்படும் காகிதம் எதுவானாலும் பெண் பிறந்த வீட்டில் இருக்கும்போதே முடியட்டும்.

திருமணப் பதிவில் பலருக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி ஆலயத்தில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாயிற்று, இனி என்ன என்று இருந்துவிடுகிறார்கள். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 எல்லா மதத்தாருக்கும் பொருந்தும். கல்யாணம் நடந்த 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள் உண்டு. விண்ணப்பத்தில் திருமணத்தை நடத்திய ஆயரின் கையெழுத்தும் வேண்டியிருக்கும். அவருக்கு மே மாதத்தில் இடமாற்றம் வந்துவிட்டால் கையெழுத்துக்காகக் கீழே இறங்கி எந்த ஊருக்கோ போக வேண்டி வரும். கணவனும் மனைவியும் நேரில் போக வேண்டிய காரியம் என்பதால், வெளிநாட்டில் இருக்கும்போது 90 நாள் ஓடி முடிவதும் நடக்கிற கதைதான். பின்னால் நீண்ட கால விசாவுக்கு அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் வெளிநாட்டில் செல்ல அரசு வைக்கும் சான்று) கேட்டால் அரசுப் பதிவுச் சான்றிதழ்தான் கைகொடுக்கும். வரவேற்பு முடிந்த மறுவாரமே, பந்தல்காரர் கணக்கு முடிக்கும் முன், பதிவை முடித்துவிடுங்கள்.

விசா விஷயத்தில் தவறுகிற இடங்கள் சின்னச் சின்னவை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். முடிவு சொல்ல 15 நாள் என்பது கணக்கு, சில விண்ணப்பங்கள் 45 நாள் வரை போகும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும். அத்தனை நாளும் பாஸ்போர்ட் தூதரகத்தில் இருப்பதால், அதற்குள் தேனிலவுக்கு மாலத்தீவு, பாலி என்று திட்டம் போட்டால் டிக்கெட் காசு போயிற்று. நம் ஊருக்குத்தான் ஊரே தேனிலவுக்கு வருகிறது, அந்த ஒரு மாதம் இங்கேயே இருந்தால் என்ன குறைந்துவிடும்?

மருதாணியையும் சொல்ல வேண்டும். விரல் நுனியில் மருதாணி இருந்தால் கைரேகைக் கருவி ரேகையைச் சரியாக எடுக்காது. விசா மையங்களும் விரல் நுனியில் வெட்டுக்காயமோ மருதாணியோ இல்லாமல் வரச் சொல்கின்றன. நிறம் மங்க இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும். கைரேகை நாள் கல்யாணத்துக்குப் பின் என்றால் மருதாணிக்காரரிடம் உள்ளங்கையோடும் புறங்கையோடும் நிறுத்தச் சொல்லுங்கள். கொழுந்து பறிக்கும் கைகளுக்கு ரேகை தேய்ந்தும் கறை படிந்தும் இருக்கும். அவர்கள் நான்கைந்து நாள் முன்பிருந்தே தோட்ட வேலைக்குப் போகாமல், இரவில் தேங்காய் எண்ணெய் தடவிவந்தால் பதிவு பெரும்பாலும் நன்றாக வரும்.

மொய்ப் பணத்திலும் கவனம் வேண்டும். திருமணப் பரிசுக்கு வருமான வரி இல்லை என்பது சரிதான். ஆனால் மொய் முழுவதையும் ஒரே நாளில் வங்கியில் கட்டிவிட்டு, அடுத்த வாரம் அதே கணக்கின் ஸ்டேட்மென்ட்டை விசாவுக்குக் கொடுத்தால், கடன் வாங்கிக் காட்டிய பணமோ என்ற சந்தேகம் வரும். மொய் நோட்டின் நகல், பத்திரிகை, ஆயரின் கடிதம் மூன்றையும் சேர்த்து அரைப் பக்க விளக்கத்தோடு வையுங்கள். இதைவிட நல்ல வழி, விண்ணப்பத்தைக் கல்யாணத்துக்கு முன்பே கொடுத்துவிடுவது. அப்போது 'திருமணமாகாதவர்' என்றுதான் எழுத வேண்டும். விண்ணப்பிக்கும் நாளில் எது உண்மையோ அதுவே சரியான பதில். சபைக் கடிதத்தில் மட்டும், பயணத் தேதிக்கு முன் இவர்களுக்குத் திருமணம் நடக்க இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்துவிடலாம். அதே கடிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், போகும் நோக்கம், தேதிகள், செலவு யாருடையது, அங்கே தங்க வைப்பவர் யார், திரும்பி வந்து செய்யும் வேலை எது என்ற ஆறும் இருக்க வேண்டும். புதுத் தம்பதி சேர்ந்து கிளம்பும்போது திரும்பி வருவார்களா என்ற கேள்வி கூடவே எழும். விடுப்புக் கடிதம், பட்டா நகல் போன்றவற்றுக்கு அப்போதுதான் மதிப்பு.

'டூரிஸ்ட் விசா போதும், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லும் ஏற்பாட்டாளரை நம்ப வேண்டாம். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் நிறைந்த நம் மலையிலிருந்து அங்குள்ள ஹட்டன், நுவரெலியா தோட்டப் பகுதிகளுக்குப் போகும் குழுக்கள் உண்டு. மொழி ஒன்று, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாழ்க்கையும் தெரிந்தது, சொந்தக்காரர்களும் இருப்பார்கள். இருந்தாலும் இலங்கையின் இணைய அனுமதியில் சமய நிகழ்ச்சிகளில் பங்கேற்பது வணிக நோக்க வகையில்தான் வருகிறது, சுற்றுலா வகையில் அல்ல. நேபாளத்துக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டாம், வாக்காளர் அட்டையே போதும் என்பதால் அது எளிதாகத் தெரியும். அங்கே மதம் மாற்றுவது குற்றம். 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம், வெளிநாட்டவரானால் தண்டனை முடிந்ததும் நாடு கடத்தலும் உண்டு. துண்டுப்பிரசுரம் ஒரு கட்டு பெட்டியில் இருந்தாலே கேள்வி வரும். கல்யாணமான புதிதில் இப்படி ஒரு பயணத்துக்குப் பெண்ணை அனுப்பும் வீட்டாருக்கு இந்தச் சட்டத்தைச் சபை முன்கூட்டியே வாசித்துக் காட்ட வேண்டும்.

ஆப்பிரிக்கா என்றால் ஊசிதான் தேதியைத் தீர்மானிக்கும். கென்யா, உகாண்டா, கானா போன்ற நாடுகளுக்குப் போகிறவர்கள், அந்த நாடு மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கேட்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். கென்யா நம்மிடம் கேட்காமல் விட்டாலும், அங்கிருந்து திரும்பி வருபவரிடம் இந்தியா கேட்கும். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தல். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். 2016 ஜூலை முதல் அது ஆயுளுக்கும் செல்லும். எல்லா மருத்துவமனையிலும் போட மாட்டார்கள். சென்னை கிண்டியிலுள்ள கிங் நிறுவனம், தூத்துக்குடி துறைமுகச் சுகாதார அலுவலகம் போன்ற அங்கீகாரம் பெற்ற மையங்களுக்குத்தான் போக வேண்டும். குறிப்பிட்ட கிழமைகளில் மட்டும் போடுவதால் முதலிலேயே விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

புதுமணத் தம்பதிக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசி உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிப்பது. கருவுற்ற பெண்ணுக்குப் பொதுவாகப் போடுவதில்லை. போட்டுக்கொண்ட பெண் நான்கு வாரம் கருத்தரிப்பதைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். முட்டை ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்களுக்கும் ஆகாது. ஊசிக்குப் பின் சிலருக்குச் சில நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் இருக்கும். ஆகவே அதைக் கல்யாணத்துக்கு ஐந்து வாரம் முன்பே பெண்ணும் பையனும் போட்டுக்கொள்வதுதான் எல்லா விதத்திலும் வசதி. எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஊசி) போன்ற வேறு உயிருள்ள தடுப்பூசி பாக்கி இருந்தால் அன்றைக்கே சேர்த்துப் போட வேண்டும், இல்லையென்றால் நான்கு வாரம் இடைவெளி விட வேண்டும்.

மலேரியா மாத்திரையிலும் இதே கேள்வி எழும். குளிர் மலையில் வளர்ந்தவர்களுக்கு மலேரியா பழக்கமில்லாத நோய். பழனி மலையின் உச்சியில் 1845-இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் கொடைக்கானலில் வீடு கட்டியதே சமவெளிக் காய்ச்சலுக்குப் பயந்துதான். டாக்சிசைக்ளின் என்றால் போகும் முன் ஓரிரு நாள் தொடங்கித் தினமும், திரும்பிய பின்னும் நான்கு வாரம் சாப்பிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அது கூடாது. மெஃப்ளோகுவின் வாரம் ஒன்று, குறைந்தது இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். எதுவானாலும் 'கல்யாணமாகி மூன்று மாதம்' என்பதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கூச்சப்பட்டு மறைப்பதால் தப்பான மாத்திரை கைக்கு வரும்.

2027-ஐ வைத்து ஒரு கணக்குப் பார்ப்போம். அந்த ஆண்டு லெந்து தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 10, ஈஸ்டர் மார்ச் 28. மே 10 வாக்கில் கென்யாவுக்குக் குழு கிளம்புகிறது என்று வையுங்கள். ஈஸ்டருக்குப் பின் கல்யாணம் என்றால் ஏப்ரல் 10, 15 என்று ஆகும். பயணத்துக்கு ஏறக்குறைய நான்கு வாரமே இருக்கும். பதிவு, ஊசி, அனுமதி, மறுவீடு, விருந்து எல்லாம் அதற்குள் அடைக்க வேண்டும். ஜனவரி 20-க்குக் கொண்டுவந்தால் ஓலையை ஜனவரி 3, 10, 17 ஞாயிறுகளில் வாசித்துவிடலாம். ஊசி டிசம்பர் 15-க்குள். பதிவுக்கான 90 நாள் ஏப்ரல் 20 வரை இருக்கிறது, மார்ச் முழுவதும் விசாவுக்கு. தையில் உறைபனி கடிக்கும் என்பது உண்மை. ஆனால் மழை இல்லை, சாலை சரியும் பயம் குறைவு, பொங்கல் கூட்டம் இறங்கிய பின் அறை வாடகையும் மே மாதத்தின் அருகில்கூட வராது.

மே மாதத்தில்தான் வைப்போம் என்பவர்களுக்கு ஒன்று. 2024 மே 7 முதல் வெளி மாவட்ட வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 சீசனில் வார நாளுக்கு 6,000, வார இறுதிக்கு 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். சனிக்கிழமை கல்யாணம் என்றால் விருந்தினர் ஒவ்வொரு காருக்கும் தனியாகப் பதிய வேண்டும். அரசுப் பேருந்தில் வருபவர்களுக்குத் தேவையில்லை. மைசூரிலிருந்து வரும் சொந்தங்கள், பந்திப்பூர் வழி இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதை மறந்து குண்டல்பேட்டையில் விடிய விடிய நிற்பதும் உண்டு. ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இந்த மாவட்டத்தில் கூடாது. 20 லிட்டர் கேனும் எவர்சில்வர் டம்ளரும் போதும். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் இலைக்குப் பதில் மேட்டுப்பாளையத்திலிருந்து வாழையிலையோ பாக்குமட்டைத் தட்டோ வரட்டும்.

சமையலுக்குக் கீழிருந்து மாஸ்டரைக் கூட்டி வருபவர்கள் கவனிக்க வேண்டியது, ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். கோவைக் கணக்கில் தம் போட்டால் சீரகச் சம்பா மேலே பருக்கையாகவும் அடியில் குழைந்தும் நிற்கும். 500 பேருக்கு 50 முதல் 55 கிலோ அரிசி என்ற கணக்கில் மாற்றமில்லை. ஊறும் நேரத்தையும் தம்மையும் பத்து, பதினைந்து நிமிடம் கூட்ட வேண்டும், பருப்பை முந்தின இரவே ஊறப்போட வேண்டும். தையில் இட்லி மாவு புளிக்கக் கீழே எட்டு மணி நேரம் என்றால் இங்கே அடுப்படி ஓரத்தில் வைத்தாலும் பதினான்கு மணி நேரம் ஆகலாம். ஒரே பெரிய அண்டாவுக்குப் பதில் முக்கால் மணி நேர இடைவெளியில் இரண்டு அண்டா இறக்கினால் இரண்டாம் பந்திக்கும் சூடாகப் போகும். மாலையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆராதனை வைக்க ஆசைப்படுகிறவர்கள், 1872 சட்டம் திருமணத்துக்குக் காலை 6 முதல் மாலை 7 மணி வரை என்றுதான் பொதுவாக நேரம் வைத்திருக்கிறது என்பதையும் நினைவில் வைக்கட்டும்.

வரவேற்பு மேடையிலேயே ஊழியப் பயணத்துக்கும் வழியனுப்பு வைத்துவிடும் பழக்கம் பரவுகிறது. செலவு மிச்சம்தான். ஆனால் பயணக் காணிக்கையும் மொய்யும் ஒரே பெட்டியில் விழுந்தால் எந்தக் கவர் எதற்கு என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பெட்டி, இரண்டு நோட்டு, காணிக்கைக்குச் சபை ரசீது என்று பிரித்து வையுங்கள். கல்யாண நகையைப் போட்டுக்கொண்டு விமானம் ஏறுவதும் வேண்டாம். கட்டாயம் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும் என்றால் புறப்படும்போதே சுங்கத்துறையிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்புபவருக்குள்ள நகைச் சலுகை சில வாரப் பயணத்துக்குக் கிடைக்காது. தாலியும் மோதிரமும் தவிர மீதி லாக்கரில் இருக்கட்டும். அங்கே தங்குமிடத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று பிரித்திருப்பார்கள். குழுவில் ஒரு தம்பதி வருகிறார்கள் என்பதை அழைக்கும் சபைக்கு ஒரு மாதம் முன்பே எழுதிவிட்டால் அந்த இரவில் யாரும் தலையைச் சொறிய வேண்டியிருக்காது.

விமானம் ஏறும் நாளிலேயே மலை இறங்குவதும் கூடாது. ஒரு மரம் சாய்ந்தாலே குன்னூர் வழி அடைபடும். அன்றைக்குக் கோத்தகிரி வழியில் எல்லா வண்டியும் திரும்பும். முந்தின நாள் மதியமே கோவைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

சபைக் கமிட்டிகளிடம் ஒரு வேண்டுகோள். ஓலைக்கான விண்ணப்பப் படிவத்தில் இரண்டு வரி சேருங்கள்: பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயர், அடுத்த ஆறு மாதத்துக்குள் வெளிநாட்டுப் பயணம் உண்டா. 'உண்டு' என்று எழுதுபவருக்குப் பதிவேட்டின் சான்று நகலும் சார்பதிவாளர் படிவத்தில் ஆயர் கையெழுத்தும் ஆராதனை முடிந்த அன்றே, அவர்கள் மண்டபத்துக்குக் கிளம்பும் முன் கையில் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
சபைப் பயண ஏற்பாடுகளில் உதவும் வாசகர்கள்,
கோத்தகிரி